பாதிக் கயிற்றில் நின்றுகொள்ளுங்கள்

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சொந்த ஊர் நாகர்கோவில், வேலை பெங்களூரில். இரண்டு ஆண்டுகளாக ராமநகரத்துப் பாறைகளில் ஏறுகிறார். வெடிப்பில் செருகும் கேம், நட் என்ற சாமான்களை வைத்து ஒரு கயிறு நீளத்துக்கு முன்னால் ஏறும் பழக்கம் உண்டு. பல பிட்ச், அதாவது பல கயிற்றுக் கட்டங்கள், கொண்ட பாறையில் அனுபவசாலி ஒருவரின் பின்னால் இரண்டு முறை போயிருக்கிறார். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சித்தி மகனையும் அத்தை மகளையும் கூட்டிக்கொண்டு, திருவட்டாறு போகும் வழியில் ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கும் கரும்பாறையில் ஏற வேண்டும் என்று ஆசை. அவர்கள் இருவரும் மேலிருந்து கயிறு போட்டு நாலைந்து முறை ஏறியதோடு சரி. மூன்று பேராகப் போகலாமா, யார் எந்த இடத்தில் வர வேண்டும், என்னென்ன சாமான் வேண்டும் என்பது கேள்வி.

போகலாம், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, அந்தப் பாறையில் உங்களுக்குச் சமமான அனுபவம் உள்ள ஒருவரோடு நீங்கள் முன்பே ஒரு முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். அறியாத பாறையில் வழி தேடுவது ஒரு வேலை. புதியவர்களைப் பத்திரமாக அழைத்துப் போய் வருவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் செய்யப் போனவர்களை இரவு ஏழு மணிக்கு டார்ச் அடித்துத் தேடிப்போன அனுபவம் எனக்கு உண்டு. இரண்டாவது, கையில் 60 மீட்டர் கயிறு இருந்தாலும் ஒரு பிட்சை 25 மீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. முதல் நிபந்தனையை யாரும் மறுக்க மாட்டார்கள். இரண்டாவதைச் சொன்னால் இந்த விளையாட்டில் இருக்கும் நண்பர்களே சிரிக்கிறார்கள். அதனால் அதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் பேசும் ஏற்றத்தில் பாறையில் முன்கூட்டியே அடித்துவைத்த போல்ட் எதுவும் கிடையாது. முன்னால் ஏறுபவர் வெடிப்புகளில் நட்டையோ கேமையோ பொருத்தி, அதில் காரபினர் என்ற கொக்கி வழியாகக் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். கீழே நிற்பவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு, விழுந்தால் பிடிப்பார். அதற்குப் பிலே என்று பெயர். மேலே ஓரிடத்தில் மூன்று சாமான்களையாவது சேர்த்து நங்கூரம் கட்டி உட்கார்ந்தபின், பின்னால் வருபவர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டே ஏறி வருவார். இது ஒரு பிட்ச். அடுத்த பிட்ச் அங்கிருந்து தொடங்கும். ஆங்கர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நங்கூரம்தான் வாயில் வருகிறது. நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

நட் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டனில் ஏறியவர்கள் முதலில் வெடிப்புகளில் கூழாங்கல்லைச் செருகி அதில் கயிறு சுற்றினார்கள். பிறகு ரயில் பாதையோரம் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கி, அவற்றின் துளையில் கயிறு கோத்துச் செருகினார்கள். 1960களில்தான் அதற்கென்றே செய்த ஆப்புகள் வந்தன. விசையை அழுத்தினால் சுருங்கி, விட்டால் விரியும் கேம் கடைக்கு வந்தது 1978இல். ரே ஜார்டைன் என்ற அமெரிக்கரின் கண்டுபிடிப்பு அது. இரண்டுமே வைப்பதற்கு எளியவை. கழற்றுவதில்தான் புதியவர்களின் கண்ணீர் இருக்கிறது. அதைப் பற்றி என் சொந்தத் தவறு ஒன்றையே சொல்கிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், நீங்கள் சொல்லும் அதே பாறை என்றுதான் நினைக்கிறேன். நான், என் அக்கா மகன், அவனுடைய கல்லூரித் தோழன். தோழன் முட்டத்துக்காரன், அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். முதல் பிட்ச் சிரமமில்லாமல் முடிந்தது. இரண்டாவதில் 25 மீட்டர் ஏறியதும் நல்ல திட்டு ஒன்று வந்தது. காலைத் தொங்கப்போட்டு மூன்று பேர் உட்காரலாம். நான் நிற்கவில்லை. மேலே கல்லிச்சி மரம் ஒன்று தெரிந்தது, கயிறும் மிச்சம் இருந்தது. திட்டுக்கு மேலே பாறை துருத்திக்கொண்டு நிற்கும். அதன் அடியில் இடப்பக்கமாக ஆறு மீட்டர் நகர வேண்டும். தொடக்கத்தில் ஓர் அடி மட்டும் கடினம். அங்கே ஒரு கேம் வைத்தேன். அதற்குப் பிறகு பிடிகள் கைப்பிடிச் சுவர் மாதிரி. எனக்கு அது நடைபாதை. எதுவும் வைக்காமல் நகர்ந்து, அங்கிருந்து நேர்மேலே ஏறி, மரத்தடியில் நங்கூரம் கட்டிக்கொண்டு மருமகனை வரச் சொன்னேன்.

முப்பது மீட்டர் அளவுக்குக் கயிறு ஒழுங்காக வந்தது. பிறகு நின்றுவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. துருத்தல் இடையில் இருப்பதால் தலையும் தெரியவில்லை. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து வந்த காற்று என் குரலை அப்படியே மேற்கே கொண்டுபோனது. கயிற்றை இழுத்தால் விறைக்கிறது, தளர்த்தினால் தொங்குகிறது. அந்தப் பக்கம் இருப்பவன் நிற்கிறானா, தொங்குகிறானா, அழுகிறானா என்று கயிறு சொல்லாது.

அங்கே நடந்தது இது. கேமைக் கழற்ற வந்தவன் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விசையை அழுத்தியிருக்கிறான். அழுத்தினால் இதழ்கள் சுருங்கும், அப்போது நேராக வெளியே இழுக்க வேண்டும். பதற்றத்தில் அழுத்திக்கொண்டே உள்ளே தள்ளிவிட்டான். முழுவதும் சுருங்கிய இதழ்கள் வெடிப்பின் குறுகலான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. இனிச் சுருங்க இடமே இல்லை. இரண்டு விரல் தோல் உரியும்வரை முயன்றுவிட்டு, கேம் போனால் போகட்டும் என்று கயிற்றை மட்டும் அதிலிருந்து கழற்றினான். கழற்றிய பிறகுதான் பார்த்திருக்கிறான்: அவன் இடுப்பிலிருந்து கயிறு மேலே போகவில்லை. பக்கவாட்டில் ஆறு மீட்டர் வெறும் பாறை மேல் போய், அங்கிருந்து மேலே ஏறுகிறது. கால் வழுக்கினால் கீழே விழ மாட்டான். ஊஞ்சலாக வீசப்பட்டு எதிர்மூலையில் போய் அறைவான்.

அவனைக் காப்பாற்றியது நான் அல்ல. கீழே நின்ற முட்டத்துப் பையனுக்கு அவனைப் பார்க்க முடிந்தது. அலைக்கு மேலே கேட்கும் குரல் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. "மக்களே, கயிற்றைத் திரும்பவும் அதிலேயே மாட்டு. இடுப்பில் கிடக்கும் ஸ்லிங்கையும் அதில் மாட்டு. மாட்டிவிட்டு உட்கார்" என்று கத்தியிருக்கிறான். ஸ்லிங் என்பது நாடா வளையம். எடுக்க முடியாத கேமே நங்கூரமாகிவிட்டது. பிறகு நான் மருமகனின் கயிற்றை மேலே இறுகக் கட்டிவிட்டு, அவன் ஏறி வந்ததால் என் காலடியில் குவிந்திருந்த மிச்சக் கயிற்றில் இறங்கி, பக்கவாட்டு வழியின் முடிவில் இரண்டு நட் வைத்து அவன் கயிற்றை அவற்றில் மாட்டினேன். "மாமா, இதை முதலிலேயே வைத்திருக்கலாமே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று பேருக்கு ஒரே தலைவிளக்கு, இருட்டில்தான் இறங்கினோம்.

அந்தத் திட்டில் நான் நின்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. இருவரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் அந்தக் கடினமான அடியை எப்படி எடுத்து வைக்கிறேன், கேமை எந்தக் கோணத்தில் செருகுகிறேன் என்று பார்த்திருப்பார்கள். பேசிக்கொண்டே ஏறியிருக்கலாம்.

கணக்கையும் பாருங்கள். லீடர், அதாவது முன்னால் ஏறுபவர், அடிபட்டுக் கயிற்றில் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே பிலே செய்பவருக்குத் தெரிந்த ஒரே மீட்பு, கயிற்றை மெல்ல விட்டு அவரைத் தன்னிடம் இறக்குவதுதான். 25 மீட்டர் உயரத்தில் இருப்பவரை இறக்க 50 மீட்டர் கயிறு போதும், கொஞ்சம் மிஞ்சும். 40 மீட்டரில் இருப்பவரை இறக்க 80 வேண்டும். இல்லாத கயிற்றை யார் விடுவது? அப்போது பிலேயிலிருந்து விடுபட்டு, கயிற்றில் ஏறிப்போய், அங்கே நங்கூரம் கட்டி ஆளை மாற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். பயிற்சி பெற்றவர்களுக்கே வியர்க்கும் வேலை. சித்தி மகன் அதைச் செய்வான் என்று நம்பி ஏறாதீர்கள். நம் மாவட்டத்தில் மலை மீட்புக்கென்று பயிற்சி பெற்ற குழு ஓடி வரும் என்றும் நினைக்க வேண்டாம். 108 வரும், தீயணைப்பு மீட்புத் துறையினர் வருவார்கள், ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவர்கள் கைக்கு நீங்கள் வந்து சேர வேண்டுமானால் முதலில் பாறையடிக்கு இறங்கியாக வேண்டும். அதனால்தான் பாதிக் கயிறு. பாதிக்குள் நிற்கும் லீடரை, இறக்கத் தெரிந்த யாரும் இறக்கிவிடலாம்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஏறும் கயிறு நீளும். நீள வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். 80 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஒற்றைக் கயிறு 10 சதவீதம் வரைக்கும், இரட்டையாகப் பயன்படுத்தும் மெல்லிய கயிறு 12 சதவீதம் வரைக்கும் நீளலாம் என்று தரக்கட்டுப்பாடு அனுமதிக்கிறது. மேலே 50 மீட்டர் தூரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க, அத்தை மகள் தரையிலிருந்து மூன்று மீட்டர் ஏறியதும் வழுக்கினால், கயிறு நான்கைந்து மீட்டர் நீளக் கூடும். மேலே கயிறு இருக்கிறது என்ற தைரியத்தில் நிற்பவர் தரையில் வந்து உட்காருவார். அதே தவறு 20 மீட்டர் கயிற்றில் நடந்தால் இரண்டு மீட்டரோடு முடிந்துவிடும். பிட்சின் முதல் சில அடிகளில் கயிற்றை இறுக்கமாகப் பிடியுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பாதிக் கயிற்றுக்கும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். பிட்ச் சிறியதானால் நங்கூரங்களின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு நங்கூரத்திலிருந்தும் கிளம்பும் முதல் சில மீட்டர்கள்தான் லீடருக்கு மோசமான இடம். நங்கூரத்துக்கு மேலே ஐந்து மீட்டர் போய், இடையில் எதுவும் வைக்காமல் விழுந்தால், பத்து மீட்டர் விழுவதை ஐந்து மீட்டர் கயிறு தாங்க வேண்டும். விழும் தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருவது 2. இந்த விளையாட்டில் அதைவிடக் கொடிய எண் சாதாரணமாக வராது. அந்த அடி நேராக நங்கூரத்தின் மேல் விழும். ஆகவே நங்கூரத்தை விட்டு எழுந்ததும், பாறை எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும், கைக்கெட்டும் உயரத்தில் ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். உங்களைப் பிடிப்பவர் உங்களைவிட இருபது, இருபத்தைந்து கிலோ குறைவானவர் என்றால் நங்கூரத்தில் ஒரு சாமானாவது மேல்நோக்கிய இழுப்பையும் தாங்கும்படி இருக்கட்டும். நீங்கள் விழும்போது அவர் மேலே எழும்புவார்.

சாமான் எங்கே வைப்பது என்பதிலும் உங்கள் பழக்கம் மாற வேண்டும். ராமநகரத்தில் ஒற்றைப் பிட்சில் நீங்கள் வைத்தது எல்லாம் உங்களுக்காக. இங்கே கடினமான அடிக்கு முன்னால் வைப்பது உங்களுக்கு. அதைத் தாண்டி, உங்களுக்குத் தேவையே இல்லாத இடத்தில் வைப்பது பின்னால் வருபவர்களுக்கு. பக்கவாட்டில் நகரும் இடங்களில் இரண்டு மீட்டருக்கு ஒன்று வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். கழற்ற எளிதான இடம் எது என்பதையும் பாருங்கள். அவர்கள் இரண்டு காலில் நின்று, மார்பு உயரத்தில் கை வைக்கக் கூடிய இடம்தான் நல்ல இடம். நட்டை முழுப் பலத்தோடு இழுத்து இறுக்காதீர்கள்.

இனி மூன்று பேர் கணக்கு. இரண்டு கயிறு கொண்டுபோங்கள். இரண்டும் உங்கள் இடுப்பில், கீழ்நுனி ஆளுக்கொன்று. நீங்கள் மேலே சேர்ந்ததும் இருவரும் மூன்று நான்கு மீட்டர் இடைவெளியில் ஒன்றாகவே ஏறி வரட்டும். மேலே நங்கூரத்தில் மாட்டி, இரண்டு கயிற்றையும் தனித்தனியாகப் பிடிக்கும் பிலே கருவி இதற்கென்றே இருக்கிறது. அதில் தொங்கும் ஆளைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டி வந்தால் எப்படி விடுவிப்பது என்பதைத் தரையில் பத்து முறை செய்து பார்த்துவிட்டு வாருங்கள்; பாரம் ஏறிய கருவி சட்டென்று விடாது, விட்டால் முழுதாக விட்டுவிடும். பக்கவாட்டு இடங்களில் இரண்டு கயிற்றையும் ஒவ்வொரு சாமானிலும் மாட்ட வேண்டும். முன்னால் வருபவர் தன் கயிற்றை மட்டும் கழற்றி நகர்வார், சாமானை எடுக்க மாட்டார். கடைசியில் வருபவர்தான் சாமானோடு கழற்றுவார்.

யார் முன்னால்? பயப்படுபவர் முன்னால், நிதானமானவர் பின்னால். பயந்தவரின் காலை இரண்டு மீட்டர் கீழே இருந்து ஒருவர் பார்த்து, "வலது காலை அந்தக் குழியில் வை" என்று சொல்ல முடிவது நீங்கள் உச்சியிலிருந்து கத்தும் நூறு யோசனையைவிட மேல். உங்களைப் பிலே செய்வதும் அந்த நிதானமானவர்தான். புஜபலத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பத்து நிமிடம் போனைத் தொடாமல் ஒரே வேலையில் கண் வைத்திருக்கக் கூடியவர் யார் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

அந்த இருவருக்கும் குறைந்தது இரண்டு நாள் பயிற்சி தரையிலேயே வேண்டும். மொட்டைமாடிப் படிக்கட்டுக் கைப்பிடி போதும். எட்டு முடிச்சு, குளோவ் ஹிட்ச் இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். முட்டத்துப் பையனுக்கு குளோவ் ஹிட்சை நான் காட்டத் தொடங்கியதும், அவன் வள்ளத்தை மரக்குற்றியில் கட்டும் முடிச்சு இதுதான் என்று சொல்லி என்னைவிட வேகமாகப் போட்டுக் காட்டினான். பிறகு லீடரை இறக்குவது, கை விடாமல் கயிற்றைக் கட்டிப்போடுவது, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் புரூசிக் முடிச்சில் இரண்டு மீட்டர் கயிறேறுவது. நட்டைக் கழற்றும் கம்பியைக் கையில் கொடுத்து, வாசலில் கல்லிடுக்கில் இருபது முறை கழற்ற விடுங்கள். உள்ளே போன வழியிலேயே வெளியே எடுக்க வேண்டும் என்பது கைக்குப் புரிய வேண்டும்.

ஏறும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பனையேறியைப் பார்த்தவர்களுக்கு ஒரே வாக்கியம் போதும்: கை மரத்தை அணைத்துக்கொள்ளத்தான், உடலை மேலே தள்ளுவது தளைநாரில் ஊன்றிய கால். புதியவர்கள் எல்லோரும் கையால் தங்களைத் தூக்கப் பார்ப்பார்கள், இரண்டாம் பிட்சில் முழங்கை கல்லாகிவிடும்.

குரல் சங்கேதங்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் "விடு" என்ற சொல்லை விலக்குங்கள். "கயிறு விடு" என்று நீங்கள் கேட்க, காற்றில் "விடு" மட்டும் கீழே போய்ச் சேர்ந்தால், பிலேயையே விட்டுவிடச் சொல்கிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் "தளர்", "இறுக்கு" என்று சொல்கிறோம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆளின் பெயர். ஒன்றுமே கேட்காவிட்டால் ஒரே விதி: கயிறு முழுவதும் மேலே போய் இடுப்பை இழுக்கும்வரை பிலேயிலிருந்து கை எடுக்கக் கூடாது.

நம் பாறையைப் பற்றி. இங்கே பெரும்பாலும் சார்னோக்கைட்டும், கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் கலந்த நைசும் என்ற பாறை வகைகள்தான். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். அந்தக் கல் போனதும் சென்னைப் பக்கமிருந்துதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சிவப்பாக மின்னும் மணலில் இருக்கும் கார்னெட்டும் இப்படிப்பட்ட மலைகள் கரைந்து வந்ததுதான். உறுதியில் குறையில்லை. சிக்கல் என்னவென்றால் வெடிப்புகள் குறைவு, மேல்பரப்பு வெங்காயத் தோல் போல ஓடு ஓடாகப் பிரியும். ஓட்டின் விளிம்பு அழகான வெடிப்பு மாதிரித் தெரியும்; அதில் கேம் வைத்து விழுந்தால் கேமின் விரியும் விசையே ஓட்டைப் பெயர்த்துவிடும். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல முட்டியால் தட்டுங்கள். பானைச் சத்தம் வந்தால் அங்கே எதுவும் வைக்காமல், பிடித்து இழுக்காமல், பின்னால் வருபவர்களுக்கும் காட்டிவிட்டுப் போங்கள்.

சாமான் என்று கேட்டால், நட் ஒரு செட், விரல் பருமனிலிருந்து முஷ்டிப் பருமன்வரை கேம் ஒரு செட், கை நுழையும் அளவில் மட்டும் இன்னும் இரண்டு. வெடிப்பு குறைந்த பாறையில் நீள ஸ்லிங்குகள்தான் அதிகம் உதவும். மரத்திலும் பாறைக் கொம்பிலும் போட 120 சென்டிமீட்டரில் நான்கு கொண்டுபோங்கள். தொடையைவிடப் பருமனாக, பச்சையாக, வேர் வெடிப்புக்குள் இறங்கிய மரத்தை மட்டும் நம்புங்கள். ஹெல்மெட்டும் தலைவிளக்கும் ஆளுக்கொன்று. ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும் என்று நினைப்பீர்கள், போதாது. மட்டிப்பழத்தைப் பையில் போடாதீர்கள். முதல் பிட்சிலேயே கூழாகிவிடும். கடலை மிட்டாய் தாங்கும்.

பொங்கல் நேரம் என்பதில் ஒரு நன்மை, ஒரு ஆபத்து. நன்மை, வடகிழக்கு மழை ஓய்ந்து பாறை காய்ந்திருக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் காய்ந்த பாறை கிடைக்கும் மாதங்கள் குறைவு. ஜூன் முதல் ஆரல்வாய்மொழிக் காற்று வேறு. ஆபத்து தேனீ. ரப்பர் இலை உதிர்ந்து தளிர்விடும் காலம் அது, தளிரின் காம்பில் தேன் சுரக்கும். மார்த்தாண்டத்துத் தேன் பெட்டிக்காரர்கள் காத்திருக்கும் பருவம். மலைத்தேனீயும் அதே தேனுக்குத்தான் வரும். துருத்தலுக்கு அடியில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும். முந்தின நாள் மாலையில் பைனாகுலரால் பாறை முழுவதையும் பாருங்கள். அடை தெரிந்தால் அன்று ஏற்றம் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய்விடலாம் என்ற பேச்சே வேண்டாம். நங்கூரத்தில் கட்டுண்டு நிற்பவரால் ஓட முடியாது.

தோட்டக்காரரிடம் அனுமதி கேளுங்கள். முடியாதென்றால் வேறு பாறை தேடுவீர்கள், அப்போது இவற்றை நினைவில் வையுங்கள்: காப்புக்காட்டிலும் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. சிதறால் மலை 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் உள்ள, தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். அங்கே கயிறும் கொக்கியுமாகப் போவதே தவறு. மருந்துவாழ் மலையில் ஆள் நடக்கும் பாதைக்கு மேலே ஏறினால் நீங்கள் உருட்டும் கல் யாரோ ஒருவரின் தலையில் விழும்.

நேரத்துக்கு வருவோம். 25 மீட்டரில் நிறுத்தினால் அந்தப் பாறை ஐந்து பிட்ச் ஆகும். மூன்று பேருக்குப் பிட்சுக்கு முக்கால் மணி வையுங்கள். ஜனவரியில் ஆறேமுக்காலுக்கு வெளிச்சம் நன்றாக வந்துவிடும். ஏழுக்கு முதல் அடி, பத்தே முக்கால், பதினொன்றுக்கு உச்சி. மேற்குமுகப் பாறை என்பதால் அதுவரை நிழல் இருக்கும், பிறகு கருங்கல் தோசைக்கல்லாகிவிடும். பன்னிரண்டு மணிக்கு எந்தத் திட்டில் இருந்தாலும் இறக்கம்தான். இறங்கும்போது மூவரின் இறங்கு கருவியையும் நீங்களே கயிற்றில் வரிசையாக மாட்டிச் சரிபார்த்துவிட்டு முதலில் இறங்குங்கள். கயிற்றின் இரண்டு நுனியிலும் முடிச்சு இருக்கட்டும். கீழே போய்ச் சேர்ந்ததும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இறங்கி வருபவர் தடுமாறினால் நீங்கள் இழுத்தால் நின்றுவிடுவார். புதியவர் ஒருவரை மேலே தனியாக விட்டு, அவரே கருவியை மாட்டிக்கொண்டு வரட்டும் என்று ஒருபோதும் விடாதீர்கள்.

நீங்கள் எவ்வளவு கடினம்வரை முன்னால் ஏறுகிறீர்கள் என்று எழுதவில்லை. எண் கூடினால் கடினம் கூடும் அமெரிக்க அளவுகோலில் 5.9 ஏறுபவராக இருந்தால் இவர்களோடு 5.6க்கு மேல் போக வேண்டாம். அந்தத் துருத்தலின் கீழே வரும் ஓர் அடி என் கணக்கில் 5.6.

இரண்டாம் திட்டுக்குச் சற்று மேலே, இடப்பக்கம் திரும்பும் இடத்தில், சிவப்பு நாடா வெளுத்துப்போன கேம் ஒன்று வெடிப்புக்குள் இன்னும் இருக்கும். விசைக் கம்பி அறுந்துவிட்டது, பதினோரு மழைக்காலம் பார்த்த துணி நாடா நூலாகிவிட்டது. அதில் கயிறு மாட்டாதீர்கள். அதற்கு ஒரு சாண் வலப்பக்கம், இடுப்பு உயரத்தில், நடுத்தர நட் ஒன்று நன்றாக உட்காரும்.